துகளெனத் தள்ளப்பட்ட தட்டணுக்கள்

குருதியில் செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் உண்டென்பதை மாணவர் யாவரும் அறிவர். மூன்றாவதாகவும் ஒன்றுண்டு. நுண்ணோக்கியில் தென்பட்ட அச்சிறு துகள்களைச் சிதைந்த அணுக்களின் எச்சமென்றே பலர் நெடுநாள் எண்ணினர். ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஷூல்ட்சே 1865-ஆம் ஆண்டில் அவற்றை விவரித்து எழுதினார். எனினும் அவற்றின் தொழில் யாதென்பது விளங்கவில்லை.

அதனை விளக்கியவர், இத்தாலியின் டூரின் நகரப் பேராசிரியர் ஜூலியோ பிட்சொட்சேரோ. உயிருள்ள விலங்குகளின் நுண்ணிய குருதிக் குழாய்களை அவர் உற்று நோக்கினார். காயம்பட்ட இடத்தில் இத்துகள்களே முதலில் ஒட்டி, ஒன்றோடொன்று திரண்டு, உடைப்பை அடைக்கக் கண்டார். ஏரிக்கரை உடைந்த வழி மண்மூட்டை அடுக்குவார் செயல் போன்றது அது. 1882-ஆம் ஆண்டில் அவர் விரிவாக வெளியிட்ட இவ்வுண்மையால் தட்டணுக்கள் மதிப்புப் பெற்றன. அவை எலும்பு மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து பிறப்பதை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906-இல் காட்டினார்.

நலமுடையார் குருதியில் கன மில்லிமீட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் உள்ளன. அவற்றின் வாழ்நாள் சுமார் 8 முதல் 10 நாட்களே. கருவுற்ற மகளிரிடம் இத்தொகை சிறிது குறைதல் இயல்பு. அதனால் பொதுவாகத் தீங்கில்லை.

கர்ப்பகாலத்து இரத்த அழுத்த நோய் கடுமையாகும்போதோ நிலைமை வேறு. குருதிக் குழாய்களின் உட்படலம் பழுதுறுகின்றது; புறக்காயம் ஏதுமின்றியே தட்டணுக்கள் ஆங்காங்கே திரண்டு செலவாகின்றன. காவலர் வீணே அலைந்து ஓய்ந்தபின் கோட்டைக்குக் காவல் ஏது? மகப்பேற்றின்போது பெருகும் குருதியை நிறுத்துதல் அரிதாகின்றது.

செவ்வணுச் சிதைவு, ஈரல் பழுது, தட்டணுக் குறைவு ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றும் இந்நிலையை அமெரிக்க மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டைன் 1982-இல் 29 தாய்மாரிடம் கண்டு எழுதினார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களால் ‘ஹெல்ப்’ என்று பெயருமிட்டார். பெயர் தந்த பயன் பெரிது. மேல்வயிற்று வலியோடும் வாந்தியோடும் வரும் தாய்க்குப் பித்தப்பை நோயென்றோ ஈரல் அழற்சியென்றோ கருதிக் காலங்கடத்தும் பிழை நேர்வதுண்டு. உண்மை காலத்தில் தெரிந்தால், வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட்டும், வேண்டுமிடத்துத் தட்டணுக்களும் செலுத்தி, மகப்பேற்றை விரைவுபடுத்தி, தாயைக் காக்கலாம். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பின்னரே நோய் தணியத் தொடங்கும்.

அன்று துகளெனத் தள்ளப்பட்ட ஒன்றின் எண்ணிக்கையை இன்று மருத்துவர் கவலையுடன் பார்த்திருக்கின்றனர். ஒரு துளிக் குருதியில் அறியப்படும் அந்த எண், இரண்டு உயிர்களுக்குரிய முன்னெச்சரிக்கையாகும்.