ஆண்டுக்கு ஐந்தாறு மினுக்கல்... ஜப்பான் சுரங்கத்தில் 745 கிலோ செனானை வைத்து எதைத் தேடினார்கள்?

ஒரு வாழைப்பழத்தில் இருக்கும் பொட்டாசியத்தால் நொடிக்கு சுமார் 15 அணுச்சிதைவுகள் நடக்கின்றன. பயப்பட வேண்டாம், அது உடம்பை எதுவும் செய்யாது. ஆனால் ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தாலும் ஐந்தாறு தடவைக்கு மேல் நடக்காத ஒரு சிதைவைத் தேடியிருக்கிறார்கள். அந்தச் சோதனையின் பெயர் காம்லாண்ட்-ஜென்.

என்ன சிதைவு அது?

செனான்-136 அணுவில் எப்போதாவது இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாக மாறும். இரண்டு எலெக்ட்ரான்களும் இரண்டு எதிர் நியூட்ரினோக்களும் வெளியே வரும். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். நியூட்ரினோ வராமல் வெறும் எலெக்ட்ரான்கள் மட்டும் வருமா என்பதுதான் கேள்வி. வந்தால், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்று அர்த்தம். இத்தாலிய இயற்பியலாளர் எட்டோரே மயோரானா 1937-ல் சொன்ன யோசனை இது. பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் மிஞ்சி, எதிர்ப்பொருள் எப்படிக் காணாமல் போனது என்ற புதிருக்கும் இதில் ஒரு பிடி கிடைக்கலாம்.

எப்படிப் பார்த்தார்கள்?

இங்கேதான் சின்டிலேட்டர் வருகிறது. கதிர்வீச்சுத் துகள் பட்டதும் மினுக்கென்று ஒளிவிடும் பொருளுக்கு இந்தப் பெயர். காமியோகாவில் இருந்தது எண்ணெய் மாதிரியான திரவம். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், 13 மீட்டர் விட்டமுள்ள பலூனுக்குள் 1,000 டன் திரவம். அதைச் சுற்றி 1,879 ஒளி உணரும் குழாய்கள். நடுவில் தொங்கும் குட்டி பலூனுக்குள் இருக்கும் திரவத்தில்தான் செனானைக் கரைத்திருந்தார்கள். ஆம், கார் ஹெட்லைட்டில் போடுகிற அதே வாயுதான். ஆனால் 136 எடையுள்ள வகை இயற்கை செனானில் 9 சதவீதம்கூட இல்லை. அதைப் பிரித்தெடுத்து 90 சதவீதம் வரை செறிவூட்ட வேண்டும்.

குட்டி பலூனின் தடிமன் வெறும் 25 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. உள்ளே இருக்கும் திரவமும் வெளியே இருக்கும் திரவமும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தியில் இல்லாவிட்டால் அந்தப் படலம் எடை தாங்காது. செனான் கரைந்தால் திரவம் கனமாகும் என்பதால், உள்ளே ஊற்றும் எண்ணெயைக் கொஞ்சம் லேசானதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, சிக்கல் எங்கே வந்தது?

2011-ல் சோதனை தொடங்கியது. சிக்னல் வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எதிர்பாராத ஒரு மேடு தெரிந்தது. கண்டுபிடிப்பு என்று யாரும் துள்ளிக் குதிக்கவில்லை, நல்ல வேளை. ஆராய்ந்து பார்த்தால், அது வெள்ளி-110எம் என்ற கதிரியக்க வெள்ளி. பலூன் படலத்தில் சீசியமும் இருந்தது. அந்த பலூனை செய்த இடம் செண்டாய் நகரம், புகுஷிமா அணு உலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அதே ஆண்டு மார்ச்சில்தான் அங்கே விபத்து. சீசியத்தின் விகிதம் அந்தக் கதிர்த்தூசியோடு ஒத்துப்போனது. வெள்ளியும் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது சந்தேகம்.

செனானை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்து, திரவத்தையும் சுத்தம் செய்த பிறகே வெள்ளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அடுத்த கட்டத்துக்காகச் செய்த பெரிய பலூனோ 2016-ல் கசிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து செய்து, 745 கிலோ செனானோடு 2019-ல் ஓட்டத் தொடங்கினார்கள்.

கிடைத்ததா?

இல்லை. ஆனால் இந்தச் சிதைவு நடக்கிறது என்றால், அதன் அரை ஆயுள் 3.8×10^26 ஆண்டுகளுக்கு மேல் இருக்க வேண்டும் என்று 2024-ல் அறிவித்தார்கள். அதாவது 38-க்குப் பின்னால் 25 பூஜ்ஜியங்கள். அவ்வளவு செனானில் ஆண்டுக்கு ஐந்தாறு என்று தொடக்கத்தில் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

இப்போது மிஞ்சியிருக்கும் பெரிய தொல்லை, அழுக்கு மட்டுமல்ல, செனானேதான். நியூட்ரினோ வருகிற சாதாரணச் சிதைவு அதே பலூனுக்குள் நாளொன்றுக்கு சுமார் 2,600 தடவை நடக்கும். பெரும்பாலும் நியூட்ரினோக்கள் ஆற்றலில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எப்போதாவது மட்டும் எலெக்ட்ரான்களுக்கே ஏறத்தாழ எல்லாம் கிடைத்து, தேடுகிற சிக்னல் மாதிரியே தெரியும். எவ்வளவு வடிகட்டினாலும் இது போகாது. ஒளியை இன்னும் துல்லியமாக அளந்தால்தான் பிரித்தறிய முடியும்.

அதனால் அடுத்த கட்டமான காம்லாண்ட்2-ஜென்னில் கவனம் முழுக்க வெளிச்சத்தின் மேல்தான். அதிகம் ஒளிரும் புதிய திரவம், ஒளியைக் குவிக்கும் கண்ணாடிக் கூம்புகள், கூர்மையான குழாய்கள் எல்லாம் சேர்ந்து சுமார் ஐந்து மடங்கு ஒளியைப் பிடிக்க வேண்டும். ஆற்றலை அளப்பதில் முன்பிருந்த 4 சதவீதப் பிசிறை 2 சதவீதமாக்குவது இலக்கு. பலூன் படலத்தையே ஒளிரும் பிளாஸ்டிக்கில் செய்யும் முயற்சியும் நடக்கிறது. படலத்தில் ஒட்டிய தூசி சிதைந்தால், இனி அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.