பதினைந்து ஆண்டு காத்திருந்த முதல் பதிப்பு

விண்டோசுக்கென எழுதிய நிரலை லினக்ஸ் கணினியில் போட்டால் ஓடாது. இரண்டிலும் இருப்பது ஒரே வகைச் சில்லு. பிறகு ஏன் ஓடவில்லை? கணினி பழகியவர்களும் சற்றே தடுமாறும் கேள்வி இது.

எந்த நிரலும் தனித்து இயங்குவதில்லை. கோப்பைத் திறக்க வேண்டுமா, திரையில் ஒரு கட்டம் வரைய வேண்டுமா, இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முறை விண்டோசுக்கு ஒன்று, லினக்சுக்கு வேறொன்று. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதுமல்லவா? 1993இல் பாப் அம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் தொடங்கிய 'வைன்' அத்தகையதே. நிரலின் ஆணைகளைச் சில்லே நேரடியாக நிறைவேற்றும்; கோரிக்கைகள் மட்டும் மாற்றித் தரப்படும். போலிக் கணினி எதுவும் இடையில் இல்லை. அதனால்தான் 'வைன் ஓர் எமுலேட்டர் அன்று' என்பதையே பெயரின் விரிவாக வைத்தார்கள்.

1994இல் பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியாரிடம் வந்தது. விண்டோஸ் 3.1இன் 16 பிட் நிரல்களுக்காகத் தொடங்கிய வேலை. மறு ஆண்டே விண்டோஸ் 95 வந்து உலகத்தை 32 பிட்டுக்கு இழுத்துச் சென்றது. மைக்ரோசாப்டின் மூல நிரலைப் பார்க்கவும் வழியில்லை. விண்டோஸ் என்ன விடை தருகிறது என்று சோதித்து, அதே விடை வருமாறு எழுதினார்கள். விண்டோசின் பிழைகளையும் அப்படியே எழுத வேண்டிய கொடுமை உண்டு. அந்தப் பிழைகளை நம்பியே ஓடிய நிரல்கள் இருந்தனவே!

அதைவிடக் கடுமையான சோதனை உரிமத்தில் வந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது பழைய உரிமம். டிரான்ஸ்கேமிங் நிறுவனம் வைனை எடுத்து, விளையாட்டுகளை ஓட்டும் 'வைன்எக்ஸ்' ஆக்கி விற்றது. அதற்கென எழுதிய முப்பரிமாண வரைகலைப் பகுதிகளோ பொதுத் தொகுப்புக்கு வரவில்லை. சட்டப்படி தவறில்லைதான். ஆனால் ஊதியம் வாங்காமல் உழைத்தவர்களின் மனம் ஆறுமா?

2002 மார்ச்சில் வைன் 'எல்ஜிபிஎல்' உரிமத்துக்கு மாறியது. இனி மாற்றி வெளியிடுபவர், அந்த மாற்றங்களின் மூல நிரலையும் தர வேண்டும். இதை ஏற்காத சிலர் பழைய உரிமத்துடன் 'ரீவைண்ட்' என்று தனியே பிரிந்தார்கள், அது தழைக்கவில்லை.

1.0 பதிப்பு 2008 ஜூன் 17இல்தான் வந்தது. பத்தாண்டு கழித்து, 2018இல், வால்வ் நிறுவனம் கோட்வீவர்சுடன் இணைந்து வைன் மீது கட்டிய 'புரோட்டான்' வெளியானது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவது அதுவே. வால்வின் செலவில் எழுதப்பட்ட திருத்தங்களில் பலவும் வைனுக்கே திரும்பி வந்து சேர்ந்தன.