பத்துமடிச் சமச்சீரும் படிகத்தின் வரையறையும்

படிகத்தில் ஓர் அணுத்தொகுதி சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் அமையும். ஆதலின் ஐந்துமடி, பத்துமடிச் சமச்சீர்கள் அதற்கு இயலா என்பது பழைய கொள்கை. விரைந்து குளிர்வித்த அலுமினிய-மாங்கனீசுக் கலவையில் ஐந்துமடிச் சமச்சீரை 1982-இல் கண்ட இஸ்ரேலிய அறிஞர் செக்ட்மன், 1984-இல் அதனை வெளியிட்டார்.

1985-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாய, ரங்கநாதன் குழுவினர் அதே வகைக் கலவையில் பத்துமடிச் சமச்சீரைக் கண்டனர். அமெரிக்காவில் பெண்டர்ஸ்கியும் தனித்துக் கண்டார். இதில் அணுத்தளங்கள் ஒரு திசையில் சீராக அடுக்கப்பெறும். தளத்தினுள் மீளா ஒழுங்கு நிலவும்.

சூடேற்றினால் இவை வழக்கமான படிகங்களாக மாறியமையின், நிலைபேறற்றவை என்ற ஐயம் எழுந்தது. 1987-இல் சப்பானில் த்சாய் குழுவினர் உருவாக்கிய அலுமினியம்-செம்பு-இரும்புக் கலவை அதனை அகற்றிற்று.

1992-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம், தெளிவான விளிம்புவிளைவுப் புள்ளிகளையே படிகத்தின் அடையாளமாக்கியது. ‘படிகம்’ என்னும் சொல்லின் பொருள் விரிந்த வரலாற்றில் பெங்களூரு ஆய்வுக்கும் பங்குண்டு.