உப்புநீரில் மிதந்த முட்டைகள்

மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் புதிதாகப் பயிலப் புகும் மாணவனுக்கு ஆரம்பத்திலேயே கற்பிக்கப்படும் வித்தைகளுள் ஒன்று பார்வைக்கு மிக எளியது. இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில், நாயினது அல்லது கன்றினது மலத்திற் சிறிது குழைத்து, சிறு குப்பியின் விளிம்பு தளும்ப வார்த்து, மெல்லிய கண்ணாடித் தகடொன்றை நீர் தொடும்படி மேலே வைத்துச் சற்றுப் பொறுத்தால், உப்புநீரைவிடப் பாரங் குறைந்த புழு முட்டைகள் மேலெழுந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை நுணுக்குக்காட்டியிற் காணலாம். 1921இல் வில்லிஸ் என்பவர் அவுஸ்திரேலிய வைத்தியச் சஞ்சிகையில் வெளியிட்ட இம்முறை விலங்குகளை உத்தேசித்துத் தோன்றியதன்று. மனிதக் குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் கொளுக்கிப்புழுவைத் தேடிப் பிறந்தது.

அத்தேடல் மும்முரமாக நடந்த பூமிகளுள் இலங்கைத் தோட்டங்களும் ஒன்று. ரொக்பெல்லர் ஸ்தாபனம் 1916இல் மாத்தளைப் பகுதியில் ஆரம்பித்த ஒழிப்பு முயற்சி, இந்நோய் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரைப் பீடித்திருப்பதை வெளிப்படுத்திற்று. சப்ரகமுவையோ அப்புழுவுக்கென்றே அமைந்தது போன்ற பிரதேசம். இரத்தினபுரியின் ஓயாத மழையும், கேகாலைப் பக்கத்து எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட இறப்பர் மரங்களின் நிழலும் சேர்ந்து மண்ணை ஈரம் உலராமல் வைத்திருக்க, முட்டையிலிருந்து வெளிப்பட்ட குடம்பி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பக்குவம் பெற்று, பால்வெட்டவும் கொழுந்தெடுக்கவும் வெறுங்காலோடு செல்வோரின் பாதங்களுக்குக் காத்திருக்கும். மருந்து தாராளமாகவே கொடுத்தார்கள். ஆனால் லயங்களுக்கு மலகூடம் கட்டுவது வீண்செலவென்று தோட்ட முதலாளிமார் பலர் தயங்கியமையால், தேறியவர்கள் அதே மண்ணில் நடந்து மறுபடியும் நோயாளிகளானார்கள். முட்டைகளை எண்ணுவதிற் காட்டிய சிரத்தையிற் பாதியைக் குழி வெட்டுவதிற் காட்டியிருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

அம்மருந்துகளுள் ஒன்றின் சரித்திரம் மிருக வைத்தியத்திலேயே தொடங்குகிறது. அமெரிக்க அரசாங்கத்தின் மிருக ஒட்டுண்ணி நிபுணரான மோரிஸ் ஹோல், 1921இல் காபன் டெட்ராக்குளோரைட்டை நாய்களுக்குக் கொடுத்து அது கொளுக்கிப்புழுவை வெளியேற்றுவதைக் கண்டார். பின்னர்த் தாமும் விழுங்கிப் பார்த்தார். அத்துணிவு போற்றத்தக்கது. அடுத்த ஆண்டு இலங்கையில் நிகழ்ந்ததை அவ்வாறு போற்ற மனம் வரவில்லை: மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அம்மருந்து புகட்டப்பட்டு, தண்டனை நிறைவேறிய பின்பு அவர்களுடைய ஈரல் பரிசோதிக்கப்பட்டது.

இத்தனை பிரயத்தனமும் மனிதனுக்கு உரிய புழுவைக் குறித்தே நடந்தது. ஆனால் 1911இலேயே லூஸ் என்னும் விஞ்ஞானி, இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிற் கண்ட கொளுக்கிப்புழுவுக்கு, இத்தீவின் பெயராலேயே, அங்கைலொஸ்டோமா சிலானிக்கம் என்று நாமகரணம் செய்திருந்தார். அது நாயிலும் பூனையிலும் வாழ்வது. மனிதனிலும் முதிர்ந்து முட்டையிட வல்லது. ஆகவே லயத்து வாசலிற் படுத்திருக்கும் நாய்க்கும் அங்கே தவழும் குழந்தைக்கும் பொதுவான நோயாக அது அமையக்கூடும்.

இங்கேதான் உப்புநீர் வித்தை தன் எல்லையை அடைகிறது. மெல்லிய ஓட்டினுள்ளே கரு பிளவுண்டு நிற்கும் அந்த முட்டை, நாய்க்கே உரிய இனத்தினதா, மனிதனையும் பற்றும் இனத்தினதா என்பதை நுணுக்குக்காட்டி பிரித்துரைக்காது. முட்டையைப் பொரிக்க வைத்துக் குடம்பியை ஆராய வேண்டும், அல்லது மரபணுப் பரிசோதனையை நாட வேண்டும். அவ்வசதி இல்லாத இடத்தில் மாணவன் தன் அறிக்கையில் ‘கொளுக்கிப்புழு முட்டைகள் உள’ என்று மட்டுமே எழுதலாம். இனத்தின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடுவதே முறை.