பறக்குமுன் சோதனையும் பட்டாசு ஆலையின் காலை வேளையும்

விமானம் புறப்படுமுன் விமானி அதை ஒருமுறை சுற்றி வருகிறார். இறக்கை, சக்கரம், திருகு என்று பார்த்தும் தொட்டும் உறுதிசெய்கிறார். குறை கண்டால் பறக்க மறுக்கிறார். அப்படி மறுப்பது அவருடைய கடமையாகவே கருதப்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் இத்தகைய சோதனை ஏன் வேரூன்றவில்லை? மறுக்கும் உரிமை அங்கே யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விமானத்துறையின் சோதனைப் பட்டியல்கள் சாவுகளிலிருந்து எழுதப்பட்டவை. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில், பின்னாளில் பி-17 ஆன போயிங் விமானத்தின் மாதிரி மேலெழும்பிய சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாதிருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். நினைவை மட்டும் நம்பக்கூடாது என்ற பாடம் அதன்பின் எழுத்துப் பட்டியலாக மாறியது. 2011 செப்டம்பர் 16 அன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ விமானப் பந்தயத்தில் ஒரு மஸ்டாங் விமானம் பார்வையாளர் பகுதியில் விழுந்து, விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தனர். வாலிலுள்ள சிறு தகட்டைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்ததும், தேய்ந்துபோன பூட்டு நட்டுகளும் காரணமென விசாரணை கண்டறிந்து வெளியிட்டது. அடுத்த இயந்திரப் பணியாளர் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த அறிக்கையிலேயே இருந்தது.

எல்லா விபத்தையும் சோதனை தடுத்துவிடாது. 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் இரு ஹாக் விமானங்கள் வானில் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். நெருங்கிப் பறப்பதில் உள்ள ஆபத்தைத் தரையில் நின்று நீக்க முடியாது. பட்டாசு ஆலையின் நிலை வேறு. அங்கே ஆபத்தின் பெரும்பகுதி, முதல் ஆள் வேலைக்கு வருமுன்பே அறைக்குள் இருக்கிறது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் வேதிவினை தொடங்கி வெப்பம் சேரும். முந்தைய நாள் மிச்சமான கலவை, மழைக்கால இரவில் சாக்குக்குள்ளேயே சூடேறிக் கிடக்கலாம். தரையில் சிந்திய தூள் காலடியில் உரசும். காயவைக்கும் மேடையில் பரப்பிய மணிமருந்து வெயிலில் கொதிக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்தால், சாவு எண்ணிக்கை விபத்துக்கு முன்பே கூடிவிட்டது என்றுதான் பொருள். இவை அனைத்தும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவை. கால்மணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடியவை.

ஆனால் விபத்துக்கு மறுநாள் நமக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ‘மருந்து உராய்வு’ என்பதோடு நின்றுவிடுகிறது. எந்த மருந்து, எப்போது கலந்தது, எத்தனை கிலோ, ஏன் அங்கே இருந்தது? இந்தக் கேள்விகள்தாம் நாளைய பட்டியலை எழுதும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்துக் குழு அமைத்தது. ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளிவந்தது. எனினும் 2024 பிப்ரவரியில் ராமுத்தேவன்பட்டியில் இன்னொரு ஆலை வெடிப்பில் 10 பேரைப் பறிகொடுத்தோம். விசாரணையின் முடிவுகள், கலவை அறைக் கதவில் ஒட்டப்படும் ஒரு தாளாகத் தமிழில் வந்து சேராதவரை, அவை தொழிலாளிக்கு இல்லாதவையே.

உள்குத்தகை இங்கே தனியே கவனிக்கத்தக்கது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு வேறு ஆட்கள் எடுத்து ஓட்டினால், காலையில் பூட்டைத் திறந்து சோதிக்க வேண்டியவர் யார்? போர்மேனா? அவர் முதலாளியின் சம்பளக்காரர். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சரக்கு கேட்டு நெருக்கும் முதலாளியிடம் ‘இன்று இந்த அறையைத் திறக்க முடியாது’ என்று சொன்னால் அவர் வேலை நிலைக்குமா? விபத்து நடந்தால் கைதாகிறவர்களில் அவரும் ஒருவர். பொறுப்பு முழுதாகத் தரப்பட்டு, அதிகாரம் தரப்படாத பதவி அது.

தொழிலாளியின் நிலை இன்னும் இறுக்கமானது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்குச் சோதிக்கும் கால்மணி நேரம் கூலியில்லாத நேரம். அறையை மூடினால் அன்றைய வருமானமே போகும். கவனக்குறைவு என்று அவர்மேல் பழி போடுவது அநியாயம். எனவே, கலவை தொடங்குமுன் போர்மேனும் அறையில் வேலை செய்பவரும் சேர்ந்து சோதித்துக் கையெழுத்திடுவதையும், அந்த நேரத்துக்குக் கூலி தருவதையும், இருவரில் ஒருவர் மறுத்து அறை மூடப்பட்டால் அன்றைய கூலியை முழுதாக வழங்குவதையும் உரிமத்தின் நிபந்தனைகளாகவே எழுத வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது அந்தக் கையெழுத்துப் பதிவேட்டை. அதிலும், வேலை மறுக்கப்பட்ட நாட்களின் பக்கங்களை.