ஆட்குறைப்பும் செஞ்சோற்றுக் கடனும்



உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர், பெட்டி படுக்கையோடு இம்முதுமொழியையும் சுமந்தே வந்துள்ளோம். ஆயினும், உப்பிட்டவரே பாதி உணவில் இலையை எடுத்துவிடுவாராயின், உண்டவர் உள்ளத்தில் எஞ்சுவது யாது? நம் நாட்டு ரெயில்வேயின் வரலாறு இதற்கு ஒருவாறு விடை கூறுகிறது.

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரெயில்வே கம்பெனிக்கு நாகப்பட்டினத்தில் பெரும் பணிமனை ஒன்று இருந்தது. ரெயில்வே உத்தியோகம் குடும்பச் சொத்தைப் போல் கருதப்பட்ட காலம் அது. கம்பெனியைப் பழித்துரைப்பது பெற்றோரைப் பழிப்பதற்கு ஒப்பாகும் என எண்ணியவரும் உண்டு.

1926-ஆம் ஆண்டில் சர் வின்சென்ட் ரேவன் தலைமையில் அமைந்த குழு, ரெயில்வேப் பணிமனைகளைச் சீரமைக்க வழிகூறியது. புதிய இயந்திரங்களும் சிக்கனமும் வந்தால் ஆட்கள் மிகுதியாவர் என்பது நிர்வாகத்தாரின் கணக்கு. கணக்கு என்ற அளவில் அதில் பிழை காண்பது அரிது. ஆனால் அக்கணக்கில் மனிதர்கள் வெறும் எண்களாயினர். 1927-இல் வங்காள நாகபுரி ரெயில்வேயின் கரக்பூர்ப் பணிமனையில் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது. மறு ஆண்டில் அதே புயல் தெற்கேயும் வீசியது. பணிமனை பொன்மலைக்கு மாறிய வேளையில், 3,000-க்கு மேற்பட்டோரை நீக்கக் கம்பெனி முனைந்தது. பல்லாண்டு உழைத்துக் கை காய்த்தவர்களும் தொழில் திறமைச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றனர். வேலை போவதினும் இவ்வவமதிப்பே நெஞ்சைச் சுட்டிருக்கும் என நாம் எண்ணுகிறோம்.

1928 ஜூலை 20 முதல் 30 வரை வேலைநிறுத்தம் நடைபெற்றது. ம. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை புகுந்தனர். போராட்டம் தோற்றது. கம்பெனி வென்றது, ஆனால் அதுகாறும் செலவின்றிப் பெற்றுவந்த விசுவாசத்தை இழந்தது. திரும்பி வந்த தொழிலாளி வேலையைச் செய்தான். நம்பிக்கையையோ தன் சங்கத்திடம் வைத்தான். இதனை நன்றியின்மை என்று கூறுதல் பொருந்துமா? செஞ்சோற்றுக் கடன் என்பது இரு தரப்பாரையும் பிணைக்கும் கயிறு. ஒரு முனையை அறுத்தவர், மறுமுனை தளர்ந்ததென்று குறைகூற இயலாது.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் நமக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுவதுண்டு. இச்செயலுக்குரிய ஆங்கிலச் சொல் சிக்கனத்தை மட்டுமே சுட்டும். ஆட்குறைப்பு என்னும் தமிழ்ச் சொல்லிலோ ஆள் நிற்கிறான். சட்டமும் காலந்தாழ்த்தியேனும் அவ்வாளைக் கண்டது. வங்காள நாகபுரி ரெயில்வேத் தொழிலாளருக்காகப் போராடிய வி. வி. கிரி, விடுதலைக்குப் பின் மத்தியத் தொழில் மந்திரியானார். அவர் பதவியிலிருந்த 1953-இல் தொழில் தகராறுச் சட்டம் திருத்தப்பட்டது. ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்தவரை நீக்குவதாயின் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம், நிறைவுற்ற ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், கடைசியில் சேர்ந்தவரே முதலில் விலக வேண்டும் என்னும் முறை, மீண்டும் ஆள் எடுக்கையில் நீக்கப்பட்டோருக்கு முன்னுரிமை ஆகியவை அதில் இடம்பெற்றன. விசுவாசத்தின் இடத்தில் உரிமை அமர்ந்தது.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு வேலை போயின், அத்துடன் குடியிருப்பும் பிள்ளைகளின் பள்ளியும் போய்விடலாம். ஆதலின் நாம் முதலாளியிடம் வைக்கும் அன்புக்கு ஓர் அளவு இருக்கட்டும். செய்யும் தொழிலிடமும், உடன் உழைப்பாரிடமும் கொள்ளும் பற்றுக்கு அளவு வேண்டுவதில்லை. அப்பற்றினை எந்த ஆட்குறைப்பு ஆணையும் பறித்துவிட முடியாது.