மனையும் வீடும்: மணவிற்கோட்டம் காட்டும் வரலாறு

வீடு என்று சொல்லும்போது நாம் இன்று சுவரையும் அதன் அடியிலுள்ள மண்ணையும் ஒன்றாகவே கருதுகிறோம். பழந்தொண்டை மண்டலத்தில் இவை வெவ்வேறு உரிமைகள். வீட்டில் வாழ்ந்தவர் ஒருவர், மனைக்கு உடையவர் வேறொருவர் என்னும் நிலை நெடுங்காலம் நிலவியது.

இன்று அரக்கோணம் இருப்புப்பாதையில் ஒரு சிறு நிலையமாக உள்ள மணவூர், பண்டைய மணவிற்கோட்டத்திற்குப் பெயர் தந்த ஊர். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன் இவ்வூரினன் என்பர். அருகிலுள்ள பழையனூரை முதலாம் இராசேந்திரன் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்தபோது, பிரமதேயமாக இருந்த அவ்வூர் வெள்ளான்வகையாக மாற்றப்பட்டது. ஊரின் உரிமைவகையை ஓர் அரசாணையே மாற்றிவிட்டது!

நம் சமயத்தார்க்கு அளிக்கப்பட்ட வகை பள்ளிச்சந்தம். பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி குரவர்க்குப் பல்லவன் சிம்மவர்மன் ஊர் ஒன்றை அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது.

பல்லவர், சோழர் பட்டயங்கள் பலவற்றில் ஒரு செய்தி வியப்பளிக்கும். கிணறு தோண்டவும் தென்னை வைக்கவும் உரிமை தருவது போலவே, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கவும் அவை தனியே உரிமை வழங்குகின்றன. அப்படியானால் செங்கல் வீட்டிற்குப் பொருள் மட்டும் போதவில்லை, ஆணையும் வேண்டியிருந்தது. பெரும்பாலோர்க்கு மண்சுவரும் கூரையுமே வாய்த்தன.

பிற்காலத்தில் காணியாட்சி மிராசு எனப்பட்டது. எல்லிஸ் துரையின் மிராசு பற்றிய விடைகள் 1818இல் அச்சாயின. காணியாளர், உள்குடி, பரகுடி என்னும் பாகுபாட்டை அவற்றில் காணலாம். நம் முன்னோர் பலர் நிலமுடைய வேளாண் குடியினர். திண்ணை, நடை, முற்றம், கொல்லை என நீளும் நம் தெருவீடுகள் அந்த உரிமையின்மீது எழுந்தவை. பொழுது சாயுமுன் உண்ணும் நம் வழக்கத்திற்கு முற்றத்து வெளிச்சம் எத்துணை உதவியிருக்கும்!

ஆனால் அந்நிலங்களில் உழைத்தவர் நிலை வேறு. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை இதனைப் பதிவு செய்தது. சேரியில் தாமே எழுப்பிய குடிசையின் அடிமனை மிராசுதாரருடையதாக இருந்ததால், முரண்பட்டால் வெளியேற்றப்படும் அச்சத்திலேயே அவர்கள் வாழ்ந்தனர். முன்னோர் பெருமை பேசும் நாம் இப்பக்கத்தையும் படிக்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. நம் இல்லத்துப் பெரியவர்களுள் பலர் அவ்வாண்டை நேரில் கண்டவர்கள். அன்று தம் ஊரில் எந்த மனை யார் பெயருக்கு மாறியது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க இன்னும் காலம் இருக்கிறது.